டாக்டர் போட்ட கோணல் தையல்

அந்த ஆஸ்பத்திரியில் காயங்களுக்குத் தையல் போடுகிறவரின் நெற்றியில் ஒரு தழும்பு உண்டு. வலது புருவத்துக்கு மேலே ஆரம்பித்து, எந்தப் பக்கம் போவது என்று நடுவில் நின்று யோசித்துவிட்டு, ஒரு வழியாகத் தலைமுடிக்குள் போய் ஒளிந்துகொள்ளும். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். ஒரு லாரி ஓட்டுநர் வாய்விட்டே கேட்டார்.

"இதுவும் நீங்க போட்டதுதானா?"

"இல்லைங்க, இது டாக்டர் போட்டது. உங்களுக்கு நான் போடப்போறேன். தைரியமா கையைக் கொடுங்க."

ஊருக்கே அவர் மாஸ்டர். கடைவீதியில் தையல் கடை வைத்திருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். சட்டை, கால்சட்டை, பள்ளிச் சீருடை என்று கடையில் வேலை குவிந்து கிடந்தது. அவருக்கு எந்தக் குறையும் இல்லை. நாற்பத்து மூன்றாவது வயதில் ஊசியோடு ஆஸ்பத்திரிக்குள் நுழைவார் என்று அவர் கனவில்கூட நினைத்ததில்லை.

எல்லாம் ஒரு கிழிந்த கோட்டுப் பையால் வந்த வினை.

டாக்டர் நெட்டையான மனிதர். எந்த வாசலில் நுழைந்தாலும் பழக்கத்தால் குனிந்துகொள்வார், வாசல் எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி. தன் வெள்ளைக் கோட்டுப் பையில் ஸ்டெதஸ்கோப், டார்ச், பாதி தின்ற பன், யாருடையதோ வீட்டுச் சாவி என்று எல்லாவற்றையும் திணிப்பார். பை எத்தனை நாள்தான் தாங்கும்? ஒரு நாள் அது வாயைப் பிளந்துவிட்டது. மாஸ்டர் அதைக் கையால் தைத்துக் கொடுத்தார். டாக்டர் கோட்டை உள்பக்கமாகத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தையலுக்கு மூக்கு படுகிற அளவுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"இது மெஷின்ல போட்டதா?"

"கையிலங்க. பை மூலையில மெஷின் திரும்பாது."

"ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல்?"

"பதினாலு வருங்க."

"எனக்கு மூணு வரும். அதுலயும் ஒண்ணு பிரிஞ்சிடும்." டாக்டர் கோட்டைப் போட்டுக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்கு வாங்க, மாஸ்டர்."

"எனக்கு என்னங்க உடம்புக்கு?"

"உடம்புக்கு ஒண்ணும் இல்லை. வேலைக்கு வாங்க."

சொல்லிவிட்டு, மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது மாஸ்டரின் குடை.

விஷயத்தைக் கேட்ட மனைவி தையல் மெஷினின் சக்கரத்தை நிறுத்தினாள். "துணியை வெட்டித் தைக்கிற மனுஷனை ஆளை வெட்டித் தைக்கக் கூப்பிடுறாரா? கோழி அறுக்கிறதைப் பார்த்தாலே உங்களுக்கு வேர்க்குமே!"

"வெட்ட மாட்டேன். ஏற்கெனவே வெட்டுப்பட்டதைத்தான் தைக்கணும்" என்றார் மாஸ்டர், ஏதோ பத்து வருஷ அனுபவம் உள்ளவர்போல. உண்மையைச் சொன்னால், டாக்டர் தையலைப் பார்த்த பார்வையில் அவர் கிறங்கிப்போயிருந்தார். இருபது வருஷமாக அவர் தைத்த துணியைப் போட்டுக்கொண்டவர்கள் யாருமே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை.

மனைவி சொன்னதுதான் நடந்தது. முதல் நாள், மரம் அறுக்கும் ஆள் ஒருவர் துணி சுற்றிய கையோடு வந்தார். டாக்டர் துணியை அவிழ்த்தார். மாஸ்டர் "ஐயோ" என்று சொல்ல ஆரம்பித்து "ஐ"யோடு நின்று, மேஜை விளிம்பில் நெற்றி இடித்துக் கீழே விழுந்தார். கண் விழித்தபோது அவரே மேஜைமேல் படுத்திருந்தார். மேலே டாக்டரின் முகம். டாக்டரின் கையில் ஊசி. பக்கத்து நாற்காலியில் மரம் அறுக்கும் ஆள், தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு, "பாவம், முதல்ல அவரைப் பாருங்க சார், நான் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு டாக்டர் போட்ட தையல்தான் நெற்றியில் இருப்பது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்த மாஸ்டருக்கு வலியைவிட வருத்தம்தான் அதிகம். ஏழு தையல், ஏழும் ஏழு திசை. மனைவி விளக்கைக் கிட்டே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "நாளைக்கே போங்க. அந்த ஆஸ்பத்திரிக்கு நீங்க கண்டிப்பா வேணும்" என்றாள்.

டாக்டருக்குத் தையல்தான் வராதே தவிர, மற்ற எதுவும் தப்பாது. திண்ணமாகச் சொல்லலாம். வரிசையில் முப்பது பேர் உட்கார்ந்திருக்க, உள்ளிருந்தபடியே ஓர் இருமலைக் கேட்டு, "அந்த ஆறாவது ஆளை முதல்ல அனுப்பு" என்பார். அந்த ஆறாவது ஆளுக்குத்தான் உண்மையிலேயே அவசரமாக இருக்கும். அப்படிப்பட்ட கைக்கு நூலும் ஊசியும் மட்டும் ஏன் அடங்கவில்லை என்பது யாருக்கும் விளங்கவில்லை. "அறிவு விரல் வரைக்கும் வரலை, முழங்கையோட நின்னுடுச்சு" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

பாடம் வாழைப்பழத் தோலில் ஆரம்பித்தது. அரைவட்டமாக வளைந்த ஊசியைப் பார்த்ததும், யாரோ மிதித்து வளைத்துவிட்டார்கள் என்று நினைத்து மாஸ்டர் அதை நிமிர்த்தப் பார்த்தார். அதை இடுக்கியில் பிடித்து, மணிக்கட்டைத் திருப்பி, தோலுக்குள் போய் வெளியே வர வைப்பதற்கு ஒரு மாதம் ஆனது. பிறகு கசாப்புக் கடையிலிருந்து தோலோடு வாங்கி வந்த ஆட்டுக் கால். பயிற்சி முடிந்த ஆட்டுக் காலை வீட்டில் சமைத்தார்கள். சாப்பிட வந்த மச்சான் வாயிலிருந்து இரண்டு அங்குலக் கறுப்பு நூலை இழுத்துவிட்டு, தன் அக்காவை ஒரு பார்வை பார்த்தார். "என்னைப் பார்க்காதே. உன் மாமாவைக் கேளு" என்றாள் அவள்.

ஆட்டுக் காலில் மாஸ்டர் போட்ட தையலைப் பார்த்து டாக்டர் பெருமூச்சு விட்டார். "அழகா இருக்கு. ஆனா தப்பு."

"எங்கங்க தப்பு?"

"இவ்வளவு இறுக்கக் கூடாது. துணி வீங்காது, மாஸ்டர். ஆள் வீங்குவான். அவன் வீங்குறதுக்கு இடம் விட்டுத் தைக்கணும். அப்புறம், தைக்கிறது கடைசி வேலை. கழுவுறதுதான் முதல் வேலை. அழுக்கை உள்ளே வச்சு நீங்க பட்டு நூல்ல தைச்சாலும் சீழ்தான் வைக்கும். கழுவுங்க. கை ஓய்ஞ்சுபோகும். அப்புறமும் கழுவுங்க."

முறைப்படி வேலைக்குச் சேர ஒரு தேர்வு எழுத வேண்டும் என்று டாக்டர் அவரைப் படிக்கவும் வைத்தார். அறை முழுக்கப் பத்தொன்பது வயதுப் பெண்கள்; நடுவில் மூக்குக் கண்ணாடியோடு மாஸ்டர். நேர்முகத்தில், "காயத்தோடு ஒருவர் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார்கள். பதற்றத்தில் மாஸ்டரின் வாய் பழைய தொழிலுக்குத் தாவிவிட்டது. "அளவெடுப்பேன்" என்றார். அந்த வருஷம் அவருக்குத் தேர்ச்சி இல்லை. செய்தியைக் கேட்ட டாக்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை நர்ஸ், யாருக்கோ வலிப்பு என்று ஓடி வந்தாள். அடுத்த வருஷம் ஜெயித்தார். கடையை மனைவி எடுத்துக்கொண்டாள். இரண்டு மெஷினை நான்காக்கி, வாசலில் கண்ணாடிக் கதவு போட்டு, "நீங்க முன்னாடியே போயிருக்கலாம்" என்றாள்.

எட்டு வருஷம் இப்படியே போனது. டாக்டர் பார்ப்பார், மாஸ்டர் தைப்பார். நடு நடுவே, "இதுல நான் ஒண்ணு போடட்டுமா?" என்று டாக்டர் ஆசையாகக் கேட்பார். "வேண்டாங்க, பாவம்" என்பார் மாஸ்டர்.

ஒன்பதாவது வருஷ மழைக்காலத்தில் வெள்ளம் வந்தது.

ஆஸ்பத்திரி ஆற்றங்கரையில், தாழ்வான இடத்தில் இருந்தது. மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, காலை எட்டு மணிக்கு வாசற்படியில் தண்ணீர் நின்றது. ஒன்பது மணிக்குக் கட்டில்களின் கால்கள் முழுகின. உள்ளே ஒன்பது நோயாளிகள். டாக்டர் செங்கல் சூளைக்காரரின் டிராக்டரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்கு மூன்று மூன்று பேராக ஏற்றினார்கள். மூன்றாவது நடைக்குள் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. நடக்க முடியாத ஒரு பெரியவரை மாஸ்டர் தோளில் தூக்கி வண்டியில் படுக்க வைத்தார். டாக்டர் மருந்துப் பெட்டியையும் தையல் சாமான்களையும், வண்டியில் ஏறி உட்கார்ந்த மாஸ்டரின் மடியில் வைத்தார்.

"நீங்களும் ஏறுங்க சார்."

"குளிர்பெட்டியில இன்சுலின் இருக்கு. அது இல்லாம ரெண்டு பேரு தாங்க மாட்டாங்க. எடுத்துட்டு வந்திடுறேன்." குனிந்து தண்ணீருக்குள் துழாவினார். "என் செருப்பு போயிடுச்சு. உள்ளே ஒரே கண்ணாடித்துண்டு. உங்க செருப்பைக் கழட்டுங்க, மாஸ்டர்."

"உங்களுக்குச் சின்னதா இருக்குமே?"

"அஞ்சே நிமிஷம். திருப்பித் தந்துடுறேன்."

விரல்கள் வெளியே தொங்க, அந்தச் செருப்பை மாட்டிக்கொண்டு, வாசலில் வழக்கம்போலக் குனிந்து, உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் மேற்கே கரை உடைந்தது. மாஸ்டர் கேட்டது ஒரு சத்தம் மட்டும்தான், பெரிய துணிக் கட்டு ஒன்றை யாரோ குறுக்கே கிழித்ததுபோல. டிராக்டர்காரர் வண்டியை முடுக்கிவிட்டார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தபோது ஆஸ்பத்திரியின் பின்பாதி இல்லை.

மூன்றாம் நாள், ஆறு வளைகிற இடத்தில் டாக்டரைக் கண்டெடுத்தார்கள்.

அதற்குள் பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியாகிவிட்டிருந்தது. தகரம் கிழித்துக் காயம்பட்டவர்கள், தலையில் ஓடு விழுந்தவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். சாலை துண்டாகிக் கிடந்ததால் வெளியூரிலிருந்து யாரும் வர முடியவில்லை. மாஸ்டர் அழவில்லை. அழ நேரம் இல்லை. பெரிய பானைகளில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, காயத்தைக் கழுவினார். கை ஓய்ந்துபோகும். அப்புறமும் கழுவினார். பிறகு தைத்தார். வீங்குவதற்கு இடம் விட்டுத் தைத்தார். ஐந்து நாளில் நாற்பத்தோரு பேர்.

ஆறாம் நாள் ஒரு பெண் டாக்டர் படகில் வந்து சேர்ந்தார். ஒவ்வொரு கட்டையும் அவிழ்த்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு பெண்ணின் காலருகே நின்றார்.

"இதைப் போட்டது யாரு? எந்த சர்ஜன்?"

"சர்ஜன் இல்லைங்க. டெய்லர்."

பெண் டாக்டர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நெற்றித் தழும்பில் கண் கொஞ்ச நேரம் தங்கியது. காலில் செருப்பு இல்லாததையும் பார்த்தார். "ஒண்ணுகூடச் சீழ் வைக்கலையே! யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் மாஸ்டர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவர் செருப்பே போடவில்லை. மனைவி புதிதாக ஒரு ஜோடி வாங்கி வாசலில் வைத்தாள். அது வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. "என்னங்க, காயத்தைக் கழுவு கழுவுன்னு ஊருக்குச் சொல்லிட்டு, வெறுங்காலோட நடக்குறீங்களே" என்று கேட்டுப் பார்த்தாள். "அஞ்சு நிமிஷத்துல தர்றேன்னு சொன்னாரு" என்றார் மாஸ்டர்.

ஒரு வருஷம் ஆனது. டாக்டருக்கு நினைவுக் கூட்டம் நடத்துவது என்று நகராட்சித் தலைவர் முடிவு செய்தார். தலைவர் எதையும் கம்பீரமாகச் செய்கிறவர். டாக்டரின் படத்தை ஆளுயரத்துக்கு வரையச் சொன்னார். வரைந்தவர், மீசை இல்லாவிட்டால் எடுப்பாக இருக்காது என்று தன் பங்குக்கு ஒரு முறுக்கு மீசையைச் சேர்த்துவிட்டார். வாழ்நாள் முழுக்க மழித்த முகத்தோடு இருந்த மனிதர், படத்தில் குதிரை மேலிருந்து இறங்கி வந்தவர்போல நின்றார். "நீயும் அஞ்சு நிமிஷம் பேசணும்" என்று தலைவர் மாஸ்டரிடம் சொன்னார். "உருக்கமா இருக்கணும், தெரியுதா?"

உருக்கமாக என்ன பேசுவது என்று கேட்க மாஸ்டர் டாக்டரம்மாவிடம் போனார். டாக்டரின் மனைவியை ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்; பள்ளியில் கணக்கு டீச்சர். கூடத்தில் ஏழு குடைகள் வரிசையாகச் சாத்தியிருந்தன.

"ஒண்ணுகூட அவரோடது இல்லை" என்றார் டாக்டரம்மா. "உன்னோடது இருந்தா எடுத்துக்கோ."

மாஸ்டர் மூன்றாவது குடையை அடையாளம் கண்டுகொண்டார். எடுக்கவில்லை.

"ஒரு வருஷமா என்கிட்ட யாரும் சத்தமாப் பேசுறதில்லை, மாஸ்டர். வர்றவங்க எல்லாம் குசுகுசுன்னு பேசுறாங்க. அவர் தெய்வம்ங்கிறாங்க, மகான்ங்கிறாங்க. எனக்கு அந்த மகானைத் தெரியாது. நான் கல்யாணம் பண்ணிக்கிட்டது வேற ஆளை." உள்ளே போய் ஒரு துணிப் பையோடு வந்தார். அதற்குள் நான்கு தலையணை உறைகள். ஒவ்வொன்றும் நடுவில் கத்திரிக்கோலால் வெட்டப்பட்டு, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருந்தது. தையல் ஒவ்வொன்றும் ஒரு திசை. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்திக்கிட்டு இதைத்தான் பண்ணுவாரு. உன்னை மாதிரி ஒரு தடவையாவது தைச்சிடணும்னு. எட்டு வருஷம்! நாலு நல்ல உறை போச்சு."

மாஸ்டர் ஓர் உறையை விரித்தார். பதற்றமான, பிடிவாதமான தையல். இஞ்சுக்கு மூன்றுகூட வரவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று இருவருக்குமே தெரியவில்லை.

போகும்போது டாக்டரம்மாவின் கண் அவர் காலில் விழுந்தது. "செருப்பு எங்கே?" மாஸ்டர் சொன்னார். டாக்டரம்மா மறுபடி உள்ளே போய், டாக்டரின் பழைய தோல் செருப்பைக் கொண்டுவந்து கீழே போட்டார். "போட்டுக்கோ. அவர் எடுத்துட்டு வர்றதையெல்லாம் திருப்பிக் கொடுக்கிறது இருபத்தெட்டு வருஷமா என் வேலைதான்."

இரண்டு அளவு பெரிது. மறுநாள் மாஸ்டர் மேடை ஏறியபோது அது படக் படக் என்று அடித்தது. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அதற்குள் ஆறு பேர் பேசியிருந்தார்கள். டாக்டர் ஆறு முறை தெய்வமாகியிருந்தார். டாக்டரம்மா கைகளை மடியில் கோத்துக்கொண்டு, மீசைப் படத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்தப் படத்துல இருக்கிறவரு யாருன்னு எனக்குத் தெரியலைங்க" என்றார். "எனக்குத் தெரிஞ்ச டாக்டருக்கு மீசை கிடையாது. அவருக்குத் தைக்கவும் வராது."

தலைவர் நாற்காலியில் நிமிர்ந்தார். மாஸ்டர் நெற்றியைக் காட்டினார். "இது அவர் போட்டது. மயங்கிக் கிடந்ததால என்னால தடுக்க முடியலை."

பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் ஒருவர்தான். பிறகு மரம் அறுக்கும் ஆள் எழுந்து, "நான் பக்கத்துலதான் இருந்தேன்! நான் சாட்சி!" என்று கையைத் தூக்கினார். அவ்வளவுதான், கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாஸ்டர் ஏழு குடைகளைச் சொன்னார். "இங்கே யாருக்காவது குடை காணாமப் போயிருந்தா டாக்டரம்மா வீட்ல போய்ப் பாருங்க" என்றார். தலையணை உறைகளைச் சொல்லலாமா என்று டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் தலையாட்டினார். அதையும் சொன்னார். டாக்டரம்மா குனிந்து, தோள் குலுங்கச் சிரித்தார். நிமிர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

"கடைசியா என் செருப்பைப் போட்டுக்கிட்டு உள்ளே போனாரு" என்றார் மாஸ்டர். "அஞ்சு நிமிஷம்னு சொன்னாரு. அவரு நேரம் சொன்னா ஒரு நாளும் காப்பாத்தினதில்லைங்க. உங்களுக்கே தெரியும்." படக் படக் என்று இறங்கி வந்துவிட்டார். யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆளாளுக்கு டாக்டரம்மாவைச் சூழ்ந்துகொண்டு, "எங்க வீட்ல ஒரு தடவை என்ன பண்ணினாரு தெரியுமா?" என்று ஆரம்பித்தார்கள். யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

தலைவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து, காலையில் அவர் கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றிக்கொண்டு, மேட்டுக்கு மாறியிருந்த ஆஸ்பத்திரிக்கு வந்தார். படத்தை மாட்டும்போது கண்ணாடி கிழித்துவிட்டதாம். மாஸ்டர் உட்காரச் சொல்லிக் கழுவ ஆரம்பித்தார். தலைவர் கதவைப் பார்த்தார். "அதைச் சாத்து" என்றார். சாத்தியதும் குரலைத் தணித்தார்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி எனக்கு நெஞ்சுவலி வந்திச்சே, தெரியுமா?"

"தெரியாதுங்களே."

"உயில் எழுதிட்டேன். ரெண்டு பையனுங்களையும் தந்தி மாதிரி போன் போட்டு வரவழைச்சிட்டேன். வீடே அழுதுக்கிட்டு இருக்கு. உங்க டாக்டர் வந்தாரு. தொட்டுப் பார்த்தாரு, கேட்டுப் பார்த்தாரு, வயித்துல ஒரு அமுக்கு அமுக்கினாரு. ஒரு ஏப்பம் வந்திச்சு பாரு, தெருவுக்கே கேட்டிருக்கும். அதோட வலி போயிடுச்சு." தலைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "இதை அவர் உன்கிட்டகூடச் சொன்னதில்லையா?"

"சத்தியமா இல்லைங்க."

"எட்டு வருஷம் கூடவே இருந்தியே! ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு எழுத்துகூட இல்லைங்க."

தலைவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "முந்தாநாள் நான் இதைச் சொல்லியிருந்தா, நல்லா சிரிச்சிருப்பாங்க இல்ல?" என்று கேட்டார்.

மாஸ்டருக்கு அந்த ஏப்பமும், சுற்றி நின்று அழுத குடும்பமும் கண்முன்னே வந்துவிட்டன. காயத்தைக் கழுவிவிட்டுக் கையில் எடுத்த ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"கொஞ்சம் இருங்க, தலைவரே" என்றார். "சிரிச்சு முடிச்சிட்டுத் தைக்கிறேன்."